கொதிகலன் இருப்பது எங்களுக்குத் தெரியும்

குடைக் கம்பெனியிலிருந்து வந்த பதில் ரொம்ப மரியாதையாக இருந்தது.

'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் குடை செய்து விற்பவர்கள். எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் நிலக்கரிக் கொதிகலன் எதுவும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

நம்மவர் அதை மூன்று தடவை படித்தார். குடைக் கம்பெனிக்கு அவர் கடிதமே எழுதவில்லை. எழுதியது டைல்ஸ் கம்பெனிக்கு.

"அக்கா, இது எதுக்கு நமக்கு வந்திருக்கு?"

தபால் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தலையை நிமிர்த்தவில்லை. வருகிற மின்னஞ்சலையெல்லாம் அச்செடுத்து, முத்திரை குத்தி, எண் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. "நீங்க எழுதினீங்க, அவங்க பதில் போட்டிருக்காங்க. இதுல என்ன அதிசயம்? இன்னும் அஞ்சு வந்திருக்கு தம்பி. சீல் குத்திட்டுத் தரேன்."

"அஞ்சா?"

நம்மவர் ஓடிப்போய் கம்ப்யூட்டரைத் திறந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம் அனுப்பிய கடிதத்தை எடுத்தார். அனுப்பப்பட்டவர்கள் எண்ணிக்கை என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நாற்பத்தொன்று.

அப்படியே நாற்காலியில் சரிந்தார் மனிதர்.

நம்மவர் வேலை பார்ப்பது ஒரு முதலீட்டு நிறுவனத்தில். ஊரார் சேமிப்பை வாங்கி, புகையைக் குறைக்கிறோம், தண்ணீரைக் கெடுக்கமாட்டோம் என்று சொல்லும் கம்பெனிகளின் பங்குகளில் போடுவார்கள். போட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்கள். 'நாங்களும் முதலாளிகள்தானே' என்ற உரிமையில், 'புகையை எப்போது குறைப்பீர்கள், எவ்வளவு குறைப்பீர்கள்' என்று கம்பெனிகளைக் கடிதம் போட்டுக் குடைவார்கள். பதில் சொல்லாவிட்டால் பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அந்தக் குடைச்சல் கடிதங்களை எழுதத்தான் நம்மவரை எடுத்திருந்தார்கள். வீட்டில் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவரச் சொன்னால்கூட மறுபேச்சுப் பேசத் தெரியாத மனிதருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்!

ஆறு மாதம் பயிற்சி. அது முடிந்ததும், தம் சொந்தக் கையெழுத்தில் முதல் கடிதம் எழுத இயக்குநர் அம்மாள் அனுமதி கொடுத்திருந்தார். டைல்ஸ் கம்பெனிக்குத்தான் எழுதவேண்டும் என்று சொன்னதும் அவர்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தில் டைல்ஸ் தொழிற்சாலையின் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு குவியல் தெரிந்தது. நம்மவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். 'உங்கள் தொழிற்சாலையின் பின்புறம் நிலக்கரியில் ஓடும் கொதிகலன் இருப்பது எங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் ஆண்டறிக்கையில் காட்டவில்லை என்பதும் தெரியும். பத்து நாளில் விளக்கம் தரவும்.' எழுதி முடித்தபோது அவருக்கே தம்மைக் கண்டு கொஞ்சம் பயமாக இருந்தது.

அனுப்பும்போதுதான் கோட்டை விட்டார். பங்கு வைத்திருக்கும் நாற்பத்தோரு கம்பெனிகளின் பெயரும் ஒரே பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு கட்டம். யாருக்குப் போகவேண்டுமோ அவர் கட்டத்தில் மட்டும் டிக் இருக்கவேண்டும். டைல்ஸ் கம்பெனி மேலேயே இருந்தது, டிக்கும் இருந்தது. பார்த்தார், அனுப்பினார். கீழே இறக்கிப் பார்த்திருந்தால் மற்ற நாற்பதிலும் டிக் இருப்பது தெரிந்திருக்கும். யார் இறக்கினார்கள்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வருகிற வெள்ளிக்கிழமை அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகும் நாள். கல்யாணமான நாளிலிருந்து நம்மவரும் மனைவியும் மனைவியின் அண்ணன் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். இரண்டு தெரு தள்ளி, பால்கனியோடு ஒரு வீட்டை மனைவி பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்காரம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: "நிரந்தர வேலைன்னு லெட்டர் காட்டுங்க, சாவி வாங்கிக்கோங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் தரமாட்டேன்." மனைவி பால்கனியில் எந்தப் பக்கம் துணி காயப்போடுவது என்பது வரை முடிவு செய்துவிட்டாள்.

"கடிதம் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இயக்குநர் அம்மாள் அந்தப் பக்கம் நடந்து போனார்.

"போயிடுச்சு மேடம்."

"நல்லது. பதில் வந்தா சொல்லுங்க."

நம்மவர் ஆறு பதில்களையும் அப்படியே மேசை இழுப்பறைக்குள் தள்ளினார். முதலில் குடைக் கம்பெனியைச் சமாதானப்படுத்துவோம் என்று தொலைபேசியை எடுத்தார்.

"சார், மன்னிக்கணும். அந்தக் கடிதம் உங்களுக்கு இல்லை."

குடைக் கம்பெனி மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "அப்ப எங்க முதலாளிக்கு நேரா எழுதப் போறீங்களா?"

"ஐயோ இல்லை சார். உங்ககிட்ட பாய்லர் இல்லைன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"சார்."

"சொல்லுங்க சார்."

"நக்கல் பண்ணாதீங்க சார்."

"நக்கல் இல்லை சார், சத்தியமா. நீங்க இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நான் அதை அப்படியே நம்புறேன்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சரி சார், போதும். ஒண்ணு இருக்கு. துணிக்குச் சாயம் போடுறதுக்கு. ரொம்பச் சின்னது. மூங்கில் தட்டி வச்சு மறைச்சிருந்தோம். அதை எப்படி சார் பார்த்தீங்க?"

நம்மவர் பதறினார். "நான் பார்க்கலை சார்" என்றார்.

"தெரியும் சார். ஆள் வச்சுத்தானே பார்ப்பீங்க" என்று சொல்லி மேலாளர் போனை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை நம்மவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒவ்வொருவராகப் பேசினால் வம்பு. எல்லாருக்கும் ஒரே வரியில் மறுப்பு எழுதிவிட்டால் தீர்ந்தது. டைல்ஸ் கம்பெனியின் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற நாற்பதையும் விரல் வைத்து எண்ணிப் பார்த்து, 'எங்களது முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று அனுப்பினார். அனுப்பிவிட்டு நிம்மதியாக ஒரு டீ குடித்தார். அந்த வாரத்தில் அவர் நிம்மதியாகக் குடித்த டீ அது ஒன்றுதான்.

பத்தே நிமிடத்தில் செடி வளர்த்து விற்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். "பொருட்படுத்த வேண்டாம்னா என்ன அர்த்தம்? விளக்கமே கேக்காம நேரா கூட்டத்துல எழுந்து கேக்கப் போறீங்களா? எல்லார் முன்னாடியுமா?"

"அம்மா, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை. விட்டுடுங்க."

"எப்படி விடுறது? எங்க பேர்லயே பச்சைன்னு இருக்கு! கண்ணாடிக் கூடாரத்தைச் சூடா வைக்கக் கரிதான் போடுறோம்னு தெரிஞ்சா நாலு பேர் சிரிக்கமாட்டாங்களா?"

"நீங்க கரி போடுறீங்களா?" என்று நம்மவர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"தெரியாத மாதிரியே கேக்குறீங்க பாருங்க, அதான் பயமா இருக்கு" என்றார் அந்த அம்மாள். சாயங்காலத்துக்குள் எழுத்துமூலமாக ஒப்புக்கொண்டுவிட்டார்.

அதற்கப்புறம் அக்காவின் முத்திரை ஓயவேயில்லை. நோட்டுப் புத்தகக் கம்பெனி தம் கொதிகலனின் படத்தை நான்கு கோணத்தில் எடுத்து அனுப்பியது. சோப்புக் கம்பெனி, 'தாங்கள் ஒன்று என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டு' என்று திருத்தமே போட்டிருந்தது. ஒரு வங்கி, எங்களிடம் கொதிகலன் கிடையாது, ஆனால் கொதிகலன் வாங்க யார் யாருக்குக் கடன் கொடுத்தோம் என்ற விவரம் இணைப்பில் என்று எழுதியிருந்தது. யாரய்யா அவர்களைக் கேட்டது?

"தம்பி, பதினொண்ணு ஆச்சு" என்று கட்டைக் கொண்டுவந்து வைத்தார் அக்கா. "இழுப்பறை மூடுமா?"

வீட்டுக்குப் போனால், கூடத்தில் மச்சான் கால்சட்டையைக்கூட மாற்றாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மச்சான் ஐஸ்கிரீம் கம்பெனியில் கொள்முதல் அதிகாரி.

"வாங்க மாப்ள. எவனோ ஒரு படுபாவி எங்க கம்பெனிக்குக் கடுதாசி போட்டிருக்கான். பின்னாடி பாய்லர் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்னு! எவ்வளவு எரிக்கிறோம்னு கணக்குக் காட்ட, காலையில இருந்து கரியை எடை போட்டுப் போட்டு என் முதுகே போச்சு."

"ஐஸ்கிரீம் கம்பெனிக்குப் பாய்லர் எதுக்கு மச்சான்?"

"பாலைக் காய்ச்ச வேண்டாமா?" என்று மச்சான் எரிந்து விழுந்தார். சட்டென்று நின்றார். "உங்க ஆபீஸ்னுதான் பேசிக்கிறாங்க. யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பெரிய ஆபீஸ் மச்சான். எத்தனையோ பேர்."

அந்தப் பெரிய ஆபீஸில் மொத்தம் ஒன்பது பேர். நம்மவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்டாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறதல்லவா. நம்மவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நம்மவர் பதறிப்போய்த் தோளைத் தொட்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் முதுகு!" என்றாள், மூச்சு வாங்க.

"சிரிக்காதே. வெள்ளிக்கிழமை வேலை போச்சுன்னா பால்கனி போச்சு."

அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது.

புதன்கிழமை நம்மவர் யாரோடும் பேசுவதே இல்லை என்று தீர்மானித்தார். பேசினால்தானே ஒப்புக்கொள்கிறார்கள்! மின்னஞ்சலில் 'வெள்ளிக்கிழமை வரை அலுவலகத்தில் இருக்கமாட்டேன்' என்று தானாகப் போகும் பதிலைப் போட்டு வைத்தார். தொலைபேசியின் வாயை அடைத்தார். தம் இருக்கையிலேயே தலையைத் தாழ்த்தி உட்கார்ந்துகொண்டார்.

நாற்பத்தோரு கம்பெனிகளும் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டன: ஆள் நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் மச்சான் வெயிலில் கருத்துப்போய் வந்தார். "இன்னைக்குப் பூரா என்னை வாசல்ல நிக்க வச்சுட்டாங்க மாப்ள. அந்த ஆளு வந்தா அடையாளம் கண்டுபிடிக்கணுமாம். உங்க ஆபீஸ் ஆளுதானே, எப்படி இருப்பான்?"

"சாதாரணமா இருப்பான் மச்சான்."

"மீசை?"

நம்மவர் கை தானாக மேலே போனது. "இருந்தாலும் இருக்கும்."

"குட்டையா, நெட்டையா?"

"அண்ணே, அவர் மூணு வருஷமா கிட்டத்துலயேதான் இருந்திருக்கார், கண்டுபிடிக்கவா போறீங்க" என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். நம்மவருக்கு உயிர் ஒரு தடவை போய்த் திரும்பி வந்தது.

"யாரு?"

"அந்த ஆளுதான்! கிட்ட வந்து பார்க்காம எப்படிக் கடுதாசி எழுதுவாரு?"

"அதுவும் சரிதான்" என்றார் மச்சான். நாளைக்கு வேலிக்கு அப்பாலும் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் டைல்ஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அமைதியான முகம். கையில் ஒரு காகிதப் பை. யாருக்காக இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்ததோ அந்தக் கம்பெனி! இவர்களாவது குற்றவாளிகளாக இருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும் என்று நம்மவர் ஆசையோடு எழுந்து நின்றார்.

"கொதிகலனை நாங்க கழட்டி ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்றார் பொறியாளர். "இப்ப எல்லாம் மின்சார அடுப்புதான். ரசீது, படம் எல்லாம் கொண்டு வந்திருக்கேன்."

"அப்ப அந்தக் கறுப்புக் குவியல்?"

பொறியாளர் காகிதப் பையைப் பிரித்தார். உள்ளே மண் மாதிரி ஏதோ இருந்தது. "மக்கிப்போன இலை சார். மரத்துக்கெல்லாம் உரமாப் போடுறோம். நீங்களும் கொஞ்சம் வச்சுக்கோங்க. வீட்டுல தொட்டி இருக்கா?"

"பால்கனி வரும்போது வச்சுக்கிறேன் சார்" என்றார் நம்மவர், அழாத குறையாக.

ஆகக்கூடி, கடிதம் தவறிப் போன நாற்பது பேரில் பத்தொன்பது பேர் கரி எரித்துக்கொண்டிருந்தார்கள். சரியாகப் போய்ச் சேர்ந்த ஒரே ஆள் நிரபராதி. இதை எப்படி ஒரு அறிக்கையாக எழுதுவது? அன்று சாயங்காலம் அறையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, 'எனது நீண்ட ஆய்வின் பயனாக' என்று ஆரம்பித்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆய்வு?"

"இப்படி எழுதினா நிரந்தரம் நிச்சயம். பத்தொன்பது பேரைப் பிடிச்சவன்னு பேர் கிடைக்கும். சாவி உன் கையில."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காகிதத்தை வாங்கிப் படித்தாள். அவளுக்கு அந்தப் பால்கனி எவ்வளவு வேண்டும் என்று நம்மவருக்குத் தெரியும்.

"ஊரையே உண்மை சொல்ல வச்சுட்டு நீங்க மட்டும் பொய் எழுதுவீங்களா?" என்றாள். "கிழிச்சுப் போடுங்க. உள்ளதைச் சொல்லுங்க. வீடு போனா போகுது, அண்ணன் மாடி எங்கயும் ஓடிப்போகாது."

நம்மவர் காகிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டார். இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு இன்னும் நாலு கொதிகலன் வெடித்தாலும் தாங்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை இழுப்பறையைக் காலி செய்து, மொத்தக் கட்டையும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இயக்குநர் அம்மாளின் அறைக்குள் போனார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. ஒண்ணு இல்லை, நாற்பது."

முதலிலிருந்து கடைசி வரை சொன்னார். இழுப்பறைக்குள் மறைத்ததையும் விடவில்லை. அம்மாள் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"மொத்தம் எத்தனை பேர் ஒத்துக்கிட்டாங்க?"

"பத்தொன்பது மேடம். சோப்புக் கம்பெனிக்கு ரெண்டு."

"ஆறு வருஷமா கேள்வித்தாள் அனுப்புறோம். 'நிலக்கரி பயன்படுத்துகிறீர்களா?' 'இல்லை.' அத்தனை பேரும் ஒரே எழுத்து மாறாம இல்லைன்னு எழுதுவாங்க."

"நான் வேணும்னு பண்ணலை மேடம்."

"தெரியும்" என்றார் அம்மாள். "ஆதாரமில்லாம யார் மேலயும் வேணும்னு பழி போடுறது நம்ம வழக்கமே இல்லை. அப்படிப் பண்ணியிருந்தா உங்களைத் திங்கட்கிழமையே அனுப்பியிருப்பேன். தவறுதலாப் போறதை யாரால தடுக்க முடியும்?"

"டைல்ஸ்காரங்க மனசு கஷ்டப்பட்டிருக்குமே மேடம்?"

"அவங்க ரொம்ப நல்லவங்க. ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க." அம்மாள் ஒரு உறையை எடுத்து நீட்டினார். "பத்தொன்பது கம்பெனியோடயும் நீங்கதான் உட்கார்ந்து பேசணும். எப்ப நிறுத்துவாங்க, பதிலா என்ன வைப்பாங்க, எல்லாம் எழுதி வாங்கணும். ரெண்டு மூணு வருஷ வேலை. அதுக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேண்டாமா?"

நம்மவர் உறையைப் பிரித்துப் படித்தார். மறுபடி படித்தார். கதவைத் தள்ளவேண்டிய இடத்தில் இழுத்து, இழுக்கவேண்டிய இடத்தில் தள்ளி, எப்படியோ வெளியே வந்தார்.

மனைவியைக் கூப்பிட்டார். "சாவி வாங்கிடு."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். பிறகு, "உண்மையைச் சொன்னீங்களா?"

"எல்லாம் சொன்னேன்."

"கேளுங்க, இன்னொரு நல்ல சேதி. ஐஸ்கிரீம் கம்பெனில கரியைத் தூக்கிட்டு வேற வைக்கப் போறாங்களாம். வாங்கிப் போடுற பொறுப்பு முழுக்க அண்ணனுக்காம். தலைகால் புரியலை அவருக்கு. கடுதாசி போட்டவன் நல்லா இருக்கணும்னு வாழ்த்திக்கிட்டிருக்கார். நாம வீடு மாறினப்புறம் சொல்லிக்கலாம்."

நம்மவர் சிரித்துக்கொண்டே தம் இடத்துக்கு வந்தார். ஒரு வாரமாக முள்ளாய்க் குத்திய நாற்காலி இப்போது சுகமாக இருந்தது. தப்பு செய்தும் வேலை கிடைத்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். உண்மைக்கு இன்னும் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது என்றும் நினைத்தார்.

பக்கத்து மேசை காலியாக இருந்தது. அதன் கம்ப்யூட்டர் முன்னால் தபால் அக்கா உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொன்றாக எதையோ தட்டிக்கொண்டே கீழே கீழே போய்க்கொண்டிருந்தார்.

"அக்கா, வேலை நிரந்தரமாயிடுச்சு!"

"சந்தோஷம் தம்பி. ஆகும்னு தெரியும்" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"என்னக்கா பண்றீங்க, அந்த மேசையில?"

"தண்ணிப் பிரிவுல பயிற்சியில இருக்காரே, அவர் வர்ற வெள்ளிக்கிழமை முதல் கடிதம் அனுப்பப் போறார் தம்பி. உங்களுக்குப் போட்டு வச்ச மாதிரியே நாற்பத்தோரு கட்டத்துலயும் டிக் போட்டு வைக்கச் சொல்லியிருக்காங்க மேடம், இந்தத் தடவை சாக்கடைத் தண்ணியாம்!"